மூடி இல்லாத பெட்டி

நீலப் பெட்டி கிடைத்துவிட்டது.
மூடியைத்தான் காணோம்.
ஏரியில் மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம்
ஐஸும் சாண்ட்விச்சும் சுமந்த பெட்டி.
பிரிந்தபோது பெட்டி எனக்கு வந்தது,
மூடி லோரீனோடு போயிருக்கிறது.
வக்கீல் எழுதிய பாகப்பட்டியலில்
இப்படியொரு வரி கிடையாது.

துலூத்தில் ஜனவரி.
கராஜுக்குள் விட்ட மூச்சு
வெள்ளையாய் அங்கேயே நிற்கிறது.
இரவெல்லாம் பனி வாரும் லாரி ஓட்டிவிட்டு
தூங்காமல் அடுப்பைப் பற்றவைத்தேன்.
இதுவரை டப்பாவில் வந்த பாகைக் கரைத்து
பீர் என்று பேர் வைத்தவன் நான்.
இன்று முழுத் தானியம். பதினோரு பவுண்டு,
முளைவிட்டுக் காய்ந்து உடைபட்ட பார்லி.
மூட்டையைப் பிரித்ததும்
பேக்கரி வாசலில் நின்றதுபோல் ஒரு வாசனை.

வெந்நீரில் கொட்டித் துடுப்பால் கிண்டினேன்.
கட்டி கட்டியாய் மிதந்ததை உடைத்தேன்.
நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி.
ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும்.
மூடிக்குப் பதில் ஸ்லீப்பிங் பேக்,
அதன்மேல் என் கோட்டு,
கோட்டின்மேல் காரின் கால்விரிப்பு.
காய்ச்சல்காரக் குழந்தையைப் போல
அடிக்கடி விலக்கி விலக்கிப் பார்த்தேன்.
பார்க்கப் பார்க்கத்தான் சூடு இறங்கியது.
ஐம்பது.
நாற்பத்தெட்டு.

போனை எடுத்தேன்.
ஏழு மாதம் கழித்து நான் கேட்ட முதல் கேள்வி:
"மூடி உன்னிடமா இருக்கிறது?"
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"எதன் மூடி, ஆர்விட்?"

மணி ஆனதும் குழாயைத் திறந்தேன்.
தேன்நிறத்தில் நூலாய் ஒரு சாண் இறங்கி
நின்றுபோனது.
கொஞ்சம் உமி கலந்துகொள் என்று
கடைக்காரன் க்ளீட்டஸ் சொல்லத்தான் சொன்னான்.
உமிக்கும் காசா என்று சிரித்துவிட்டு வந்தேன்.
ருசி இல்லை, சத்து இல்லை, போதையும் இல்லை.
மாவும் மாவும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு
அடைத்துப்போகாமல்
இடையில் கிடந்து வழிவிட அது வேண்டுமாம்.
சும்மா கிடப்பதும் ஒரு வேலையென்று
எனக்கு யார் சொன்னார்கள்?

மண்டியிட்டுக் குழாயில் வாய்வைத்து ஊதினேன்,
கன்னம் உப்ப, காது அடைக்க.
அந்தக் கோலத்தில்தான் லோரீன் பார்த்தாள்.
வாசலில் நிற்கிறாள்,
மூடியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு.

"லேட்டா?"
"நாற்பது நிமிடம்."
மூடியைச் சுவரில் சாய்த்தாள்.
கேட்காமலே துடுப்பை எடுத்து
அடிவரை ஒருமுறை கிளறினாள்.
"தொடாதே. படியட்டும்."
படிந்தது.
சொட்டு, பிறகு நூல், பிறகு விரல்கனத்தில் ஒழுக்கு.

ஒரு கோப்பையில் பிடித்துக் கொடுத்தேன்.
பீர் ஆவதற்கு இன்னும் வெகுதூரம்.
வெறும் இனிப்பு, சுடச்சுட.
"கஞ்சி கழுவின தண்ணீர்" என்றாள்,
காலிக் கோப்பையை மறுபடி நீட்டினாள்.

ஹாப்ஸ் போட்டதும் பொங்கி வழிந்து
அடுப்பு முழுக்கக் கருகல்.
ஆறவைக்கப் பனி இருக்கிறதே, ஊர் கொள்ளாத பனி!
ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கொப்பரையைத் தூக்கி
நானே வாரிக் குவித்த மேட்டில் வைத்தோம்.
தனக்கொரு குழியை உருக்கிக்கொண்டு
மெல்ல அமிழ்ந்தது.

மிதவையை விட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்தைந்து வரவேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று.
"ஃபெயிலா?"
"பார்டரில் பாஸ்."
ஈஸ்ட் தூவுவதற்குள் கிளம்பிவிட்டாள்.
மூடியை எடுத்துப்போகவில்லை.
மறந்தாளா, விட்டுப்போனாளா?
அதைக் கேட்க நான் போன் செய்யவில்லை.

இரண்டாம் நாள் பின்னிரவு நான்கு மணி.
வேலை முடிந்து வந்து விளக்குப் போடுமுன்
கோட்டு அலமாரிக்குள் யாரோ
தொண்டையைக் கனைப்பதுபோல்
ப்ளுக்.
பூட்ஸோடு தரையில் உட்கார்ந்தேன்.
ப்ளுக்.
பனி உருகி என்னைச் சுற்றிக் குட்டையானது.

பென்சிலைத் தேடியெடுத்து
மூடியின் உட்புறம் எழுதிவைத்தேன்:
தேதி. நாற்பத்து மூன்று.
அடுத்த தடவை உமி, அரைப் பவுண்டு.