அரை நொடி

அந்த வாரம் ஹால்வேய்க்கைத் தூக்கும் முறை என்னுடையது.
ஒன்றரைக் கிலோ.
கழுத்தைப் பிடிக்கக் கூடாது, இடுப்பில்தான் பிடிக்க வேண்டும்.
கணக்கு முடிந்ததும் மரவேலைக் கூடத்துக்கு,
அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கு.
சாப்பிடாது என்றாலும் மேசைக்கு.

வெள்ளை பிளாஸ்டிக் தலை,
கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விளக்கு.
பச்சை என்றால் பார்க்கிறாள்.
நீலம் என்றால் பார்க்கிறாள், பேச்சு வேண்டாம்.
ஊசி போட்ட நாட்களில் நீலம்தான்.
ரெய்க்யாவிக்கில், ஐந்தாம் மாடிக் கட்டிலில்,
அவள் திரையில் விரலை இழுத்தால்
இங்கே மேற்குக் கடலோரத்தில் எங்கள் வகுப்பில் தலை திரும்பும்,
பெரும்பாலும் ஜன்னல் பக்கம்.
ஜன்னலில் என்ன இருக்கிறது?
மலை.
நவம்பர் கடைசியில் சூரியனை வாங்கி வைத்துக்கொண்டு
இன்னும் திருப்பித் தராத மலை.

முதல் மாதம் வேடிக்கையாக இருந்தது.
ஃப்ளோகி பேனாவால் அதற்கு மீசை வரைந்தான்.
'எனக்குத் தெரியலையே, கண்ணாடி காட்டு' என்று சிரித்தாள்.
பிறகு பழகிவிட்டது,
ரேடியேட்டரின் முனகல் பழகுவதுபோல.
மீசையை யாரும் அழிக்கவில்லை.

பெயர் வாசிக்கும்போது அவளுக்கு அடுத்தது நான், கெட்டில்.
அவள் குரல் கடலோரம் சுற்றி வந்து சேர அரை நொடி ஆகும்.
அதற்குள் நான் முந்திக்கொள்வேன்.
இரண்டு 'உள்ளேன்' நடுவழியில் முட்டிக்கொள்ளும்.
எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்,
அரை நொடி கழித்து.

ஜனவரியில் ஒரு செவ்வாய், பன்னிரண்டரை மணி,
தீ ஒத்திகை மணி அடித்தது.
காலணி அலமாரியை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை.
காலுறையோடு படியிறங்கி,
விளையாட்டுக் கூடத்துக்குப் பின்னால், நிழல் விழுந்த பனியில்,
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம் கொக்குக் கூட்டமாக.
ஸ்டெய்னுன் டீச்சர் பட்டியல் வாசித்தார்.
ஹால்வேய்க், என்றார் பழக்கத்தில்.

நான் காத்திருந்தேன்.
அரை நொடி. ஒரு நொடி.
யாரும் உள்ளேன் என்று சொல்லவில்லை.
உள்ளேதான் இருந்தாள்.

பேனா நின்றது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை,
பார்த்திருக்கலாம்.
பொருட்களை எடுக்கத் திரும்பாதே என்கிறது
கதவில் ஒட்டிய விதி. விதியில் தப்பில்லை.
என் கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை,
ஒன்றரைக் கிலோ குறைவாக.

திரும்பி வந்தபோது விளக்கு பச்சை.
தலை ஜன்னலைப் பார்க்கவில்லை, பின்சுவரைப் பார்த்தது.
'வந்துட்டுப் போச்சு' என்றாள்.
எது?
'வெயில். முதல்ல உன் சிவப்புக் கோட்டு மேல.
அப்புறம் உலகப்படம், ஆப்பிரிக்கா வரைக்கும்.
நாலு நிமிஷம் இருந்தது.
மணிதான் காதைக் கிழிச்சது, சத்தத்தைக் குறைச்சுட்டுப் பார்த்தேன்.'

யாரும் நம்பவில்லை. வெயில் நாள் நாளைக்கு.
நாளைக்குத்தான் ஊர் முழுக்க மாவு கரைத்து
பான்கேக் சுடுவார்கள்.
'மெஷினுக்கு வெயில் தெரியுமா?' என்றான் ஃப்ளோகி.
'மெஷின் உங்க மேசைல இருக்கு.
பார்த்தது நான்.'

ஜன்னலுக்கு ஓடினோம், இடித்துக்கொண்டு.
மலை விளிம்பில் ஒரு கோடு,
முட்டை வழித்த கிண்ணத்தின் ஓரம் மாதிரி மஞ்சள்.
மங்கிக்கொண்டிருந்தது.
மாடி வகுப்பு என்பதால் ஒரு நாள் முந்தி, என்றார் டீச்சர்.
அவரும் தாமதமாகத்தான் ஜன்னலுக்கு வந்தார்.

நான் கொக்கிக்குப் போய்
கோட்டின் தோளில் கை வைத்துப் பார்த்தேன்.
சில்லென்றிருந்தது.
மன்னிப்பு என்ற சொல் வாயில் இருந்தது,
வெளியே வேறொன்று வந்தது.
'இன்னும் சூடு இருக்கு' என்றேன்.

தலை மெல்லத் திரும்பியது,
மீசையோடு.

'பொய்' என்றாள்,
அரை நொடி கழித்து.