கொஞ்சம் கொழுப்பு

என் இமை உன் ஈரலைத் துளைத்துவிட்டதாக
நேற்றிரவு பதினொன்று நாற்பதுக்கு எழுதியிருந்தாய், தாபிஷ்.
அப்போது நான் நிஜமான ஈரல் ஒன்றைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஷேகுபுராவிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்.
மஞ்சள் பூத்த கண்.
திரையில் சாம்பல் நிறத்தில், கரடுமுரடாக,
உழுது காயப்போட்ட வயல் மாதிரி.
ஒரே ஊசியை ஊர் முழுக்கக் குத்திய
ஏதோவொரு கம்பவுண்டரின் கைவேலை.
அம்பு என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கஜல்காரர்களுக்கு ஈரல் என்றால் காதல்.
முந்நூறு வருஷமாக அதை
இரத்தமாக உருக்குகிறீர்கள், கபாபாகச் சுடுகிறீர்கள்,
கண்வழியே சொட்டுச் சொட்டாக அழுது தீர்க்கிறீர்கள்.
விடிந்ததும் குவால்மண்டிக்குப் போய்
நெய் மிதக்க நிஹாரி சாப்பிடுகிறீர்கள்.

புருவத்தை வில் என்றாய்.
மாதம் ஒருமுறை சஃபியா நூல் வைத்து இழுக்கிறாள்,
இருநூறு ரூபாய், தும்மல் இலவசம்.
கூந்தலை வலை என்றாய்.
பணிநேரத்தில் அது வலைத்தொப்பிக்குள் கிடக்கிறது.

கொலைகாரி என்றாய்.
செல்லமாகத்தான் எழுதினாய், தெரியும்.
ஆனால் இரவுப் பணி முடிந்து வேன் நிற்கும் இடம்வரை
சாவியை விரலிடுக்கில் நிமிர்த்திப் பிடித்தபடி
நடக்கிறவள் நான்.
எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் பெண்களில்
யாரையாவது கொன்றவள்
இதுவரை ஒருத்திகூட இல்லை.

சரி, விளக்கும் விட்டிலும்.
மின்சாரம் போனால் பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும்.
அந்நேரம் அறையில் ஒளிர்வது என் திரை மட்டுமே.
விட்டில்கள் வரத்தான் செய்கின்றன.
எரிவதில்லை.
குளிர்ந்த கண்ணாடிமேல் குறுக்கே நடந்து,
யாரோ ஒருவரின் பித்தப்பைமீது கொஞ்சம் உட்கார்ந்து,
சலித்துப் பறந்துவிடுகின்றன.
இதற்கு உன்னிடம் ஓர் ஈரடி இருக்கிறதா?

புகை இறங்கிய நவம்பரில்
கால்வாய்ப் பாலத்தின்மேல் கூண்டோடு நிற்பானே ஒருவன்.
காசு கொடுத்தால் சிட்டுகளைத் திறந்துவிடுவான்,
புண்ணியம் நமக்கு.
அந்தியில் அதே சிட்டுகளை மறுபடி பிடிப்பான்.
வேடன், சிறை, விடுதலை
மூன்றும் ஒரே ஆள், ஒரே சைக்கிள்.
தெரிந்தும் போன வாரம் நான் ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
யாருக்காக என்று கேட்காதே.

செவ்வாயன்று பகல் பணியில்
டோக்கன் அறுபத்திரண்டு: நீ.
வெந்தவன் என்று புனைபெயர் வைத்தவன்
பிளாஸ்டிக் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
"வலப்பக்கம் வலி" என்றாய், சுவரைப் பார்த்து.
சட்டையைத் தூக்கச் சொன்னேன்.
ஜெல் பட்டதும் துள்ளினாய்.

மூச்சை இழுங்கள். பிடியுங்கள். விடுங்கள்.
நாளுக்கு எண்பது பேரிடம் சொல்கிறேன்.
கஜலில் ஈரடிக்கு ஈரடி வந்து விழுமே ஒரே சொல், அப்படி.
உன்னிடமும் பன்மையில்தான் சொன்னேன்.
மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.

பார்த்தேன்.
பதினைந்தரை சென்டிமீட்டர்.
துளை இல்லை. பொசுங்கல் இல்லை.
கொஞ்சம் கொழுப்பு.
அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

மறுநாள் இரவு உன் செய்தி.
புனைபெயர் இல்லை, எதுகை இல்லை, சீர் உதைத்தது.
"ஜெல் சில்லென்று இருந்தது.
அப்பா போனது ஈரலில்தான்.
திரையை நீ என் பக்கம் திருப்பும்வரை
ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது."

நான்கு முறை படித்தேன்.
நீலக் குறி இரண்டும் உனக்கு விழுந்திருக்கும்.
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
எண்ணெயைக் குறை.
ஆறு மாதம் கழித்து மறுபடி வா.

அதற்கு முன்னாலும் வரலாம் என்பதை
எப்படிச் சொல்வது?
உங்கள் முந்நூறு வருஷத்தில்
ஓர் உவமைக்காகத் துழாவிக்கொண்டிருந்தபோது
அடுத்த ஆளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள்.
மூச்சை இழுங்கள் என்றேன்.
பிடியுங்கள்.