ஏழுக்கும் பத்துக்கும் நடுவே

திரையின் வலது மூலையில்
மூன்று மாதமாய் ஒரு சின்னச் சதுரம்.
'இப்போது' என்று ஒரு பொத்தான்,
'இன்றிரவு' என்று இன்னொன்று.
வேண்டாம் என்பதற்கு இடமே இல்லை.
மேலே ஒரு பெருக்கல் குறி, கடுகு அளவு.
அதைத் தேடித் தேடி அமுக்கித்தான்
சித்திரையிலிருந்து ஆனிக்கு வந்து சேர்ந்தேன்.

புளியரைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
இரண்டாவது சந்து.
வைக்கோல் ஏற்றி அனுப்புகிறேன்.
தின்னும் மாடுகளை நான் பார்த்ததில்லை.
புனலூர், அஞ்சல், கொட்டாரக்கரை
எனக்குக் கட்டுக் கணக்கும் பாக்கியும்தான்.
பாக்கி முழுக்க இந்த ஏழில் இருக்கிறது,
இப்போது யாரும் அடிக்காத ஒரு பழைய எழுத்துருவில்.

ஷிஜு ஆரியங்காவிலிருந்து மழைக்கோட்டோடு வந்தான்.
"ஏழு போகும் சேச்சி, பத்து வரும். காசு வேண்டா."
எட்டும் ஒன்பதும் எங்கே என்றேன்.
"எட்டு ஆருக்கும் பிடிச்சில்ல.
ஒம்பது பிறந்ததே இல்ல."
ஏழு முடிந்தால் எங்கள் பக்கம் ஏழரைதான் என்றேன்.
சட்டென்று சிரித்தான்.
சனிக்குச் செக்போஸ்ட் கிடையாது.

என் எழுத்து அதில் தெரியுமா?
"தெரியும். தெரியாமலும் போகும்."
தெற்குமேட்டில் ஜெராக்ஸ் கடை மரியசெல்வத்துக்கு
மாற்றிய மறுநாள்
நாலு கிரயப் பத்திரமும் கட்டம் கட்டமாய் நின்றதாம்.
தங்கச்சன் பதினாலாயிரத்து முந்நூறு தரவேண்டும்.
கட்டத்திடம் போய்க் கடன் கேட்க முடியுமா?

ஷார்ஜாவிலிருந்து அவர் சொன்னார்:
"ஓடுற வண்டியை எதுக்குத் திறந்து பாக்கணும்?"
அங்கே போன பிறகு நாலு போன் மாற்றிவிட்டார்.
கொல்லத்தில் நர்சிங் படிக்கும் இசக்கிப்ரியா,
"வைரஸ் வந்தா எங்கிட்ட அழாதம்மா"
என்று வைத்துவிட்டாள்.

கணக்கை முதலில் காகிதத்தில் எடுத்தேன்.
அறுபத்தொரு பக்கம்.
நாற்பத்துநாலில் மை தீர்ந்தது.
மீதியைக் கையால் எழுதினேன், இரண்டு ராத்திரி.
எழுதும்போதுதான் தெரிந்தது:
தங்கச்சன் போன ஓணத்துக்கே அடைத்துவிட்டான்.
நான்தான் வரவு வைக்கவில்லை.

ஞாயிறு ராத்திரி அமுக்கினேன்.
எதையெல்லாம் வைத்துக்கொள்ள என்று கேட்டது.
எல்லாம். கோப்புகள் மட்டும். ஒன்றும் வேண்டாம்.
மூன்றாவதை எவர் அமுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
போன வருடமென்றால் நான் அமுக்கியிருப்பேன்.
எல்லாம் என்றேன்.
இடம் போதாது என்றது, எட்டு ஜி.பி. குறைகிறதாம்.

அதே நேரம் சப்பாணிமுத்து போன் பண்ணினான்.
"அக்கா, லோடு ரெண்டடி உசரமாம்.
இறக்குனாத்தான் விடுவாங்களாம்."
மழையா?
"தூத்தல். படுதா இருக்கு."
எத்தனை கட்டு?
"நாப்பது போகும்."
இறக்கிப் போடு என்றேன்.
"போட்டதை என்ன செய்ய?"
மாடு இல்லாத ரோடா அது?

போனைத் தோளில் இடுக்கியபடி
நானும் இறக்கினேன்.
கொழுந்தன் கல்யாண வீடியோ, மூன்று கோணத்தில்.
அவர் ஏற்றிவைத்த சீட்டாட்டம்.
பத்து வருடப் பொங்கல் வாழ்த்து.
'புது ஃபோல்டர்' என்று பதினொன்று,
திறந்தால் அதற்குள்ளும் புது ஃபோல்டர்.

ஓட ஆரம்பித்தது.
ஒன்று, இரண்டு என்று ஏறி
முப்பத்திரண்டில் வந்து நின்றது.
'கணினியை அணைக்காதீர்கள்.'
சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கூவுகிறது.
பதினோரு நிமிடம் தாங்கும் என்றிருந்தான் ஷிஜு,
அது வாங்கின புதிதில்.

மின்விசிறி நின்ற வீட்டில்
லாரி முனகுவது கேட்கிறது,
எஸ் வளைவில், முதல் கியரில்.
என் வண்டியா, வேறெவர் வண்டியா
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

முப்பத்திரண்டு.

மெழுகுவர்த்தி தேட எழுந்திருக்கவில்லை.
திரை வெளிச்சம் போதும் இப்போதைக்கு.

முப்பத்திரண்டு.

முப்பத்திமூன்று.