ஹவர் மீட்டர்

போன வருசம் நான் ஒட்டிய ஸ்டிக்கர்
வெயிலில் வெளுத்து
எப்சிபா என்பதில் 'எப்' மட்டும் மிச்சம்.
"போன தபாவும் நீதானேம்மா வந்தே?"
கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து முனிரத்தினம்.
ரெண்டு பூட்டு. ரெண்டாவது சாவிக்கு
அவர் பாக்கெட்டைத் துழாவ, நான்
ஸ்கூட்டரின் கால்மாட்டிலிருந்து
டிஸ்டில்டு வாட்டர் கேனை இறக்கினேன்.

ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளில் நான் பார்க்கும்
ஃபோர்க்லிஃப்டுகளுக்கு வருசக் கணக்கே கிடையாது.
மூன்று ஷிஃப்ட் ஓடி, உப்பில் இற்று,
படுத்தால்தான் கூப்பிடுவார்கள்.
இது வேறு.
பெட்டி இழுக்கப் பிறந்த மஞ்சள் டிராக்டர்.
சீட்டின் பிளாஸ்டிக் உறையை
இன்னும் ஒருத்தரும் கிழிக்கவில்லை, நானும்தான்.
உட்கார்ந்தால் வியர்வையில் ஒட்டி
எழும்போது சத்தம் போடும்.

மூடியைத் தூக்கினால் நாற்பது செல்.
ஓடாத வண்டிதானே, என்ன ஆகிவிடும் என்கிறார்கள்.
நிற்பதற்கும் செலவுண்டு.
கத்திரி வெயில், ஷெட்டுக்குள்ளேயே நாற்பத்திரண்டு,
ஒவ்வொரு வாயிலும் தகடு தெரிகிறது.
முதலில் தகடு மூழ்க மட்டும் ஊற்ற வேண்டும்.
மீதி, சார்ஜ் ஏறிய பிறகு.
அவசரப்பட்டால் பொங்கி வழியும், பேன்ட்டில் ஓட்டை விழும்.
எனக்கு மூன்று விழுந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணி.
ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சி, கண்மட்டத்தில் பிடித்து:
1275. 1280. 1275.
பதினேழாவது செல்லில் மிதவை எழவே இல்லை. 1130.
மறுபடி பார்த்தேன்.
பல்பைத் தட்டி மறுபடி பார்த்தேன்.

போனில் மேனேஜர்:
"யாரு ஓட்டப்போறா அதை?
எழுதாதீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."
ஆறு இருக்குது தண்ணியில்ல, கோட்டை இருக்குது ராஜா இல்ல என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டே,
முனிரத்தினம் அதில் ஏரோப்ளேனையும் சேர்த்துவிட்டுச் சிரித்தார்.
நான் ஹேண்ட்பிரேக் கேபிளுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பெல்ட் லோடர்.
சுமையேற்றிச் சோதிக்கணும், படிவம் சொல்கிறது.
பெட்டிக்கு எங்கே போவது?
ஓடுபாதை ஓரம் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்,
நவநீதமும் இன்னும் நாலு பேரும்.
புல்லுக்கட்டைக் கேட்டேன்.
"இன்னாத்துக்கு?" என்றாள், ஆனாலும் தூக்கிவந்தாள்.

பெல்ட்டை விமானக் கதவின் உயரத்துக்குத் தூக்கி
பட்டனை அமுக்கினேன்.
முதல் கட்டு மெதுவாக ஏறியது.
மேலே கதவில்லை.
ஒரு கணம் நுனியில் நின்று, யோசித்து,
அந்தப்பக்கம் விழுந்தது.
இரண்டாவது. மூன்றாவது.
ஒன்பதாவது கட்டுக்கு
பெண்கள் கை தட்டத் தொடங்கியிருந்தார்கள்.
ஹைட்ராலிக் கசிவு இல்லை. மோட்டார் சூடு சரி.

புல்லையெல்லாம் டிராலியில் போட்டு
அவர்களையும் ஏறிக்கொள்ளச் சொன்னேன்.
விதிப்படி தப்பு.
பிரேக் பார்க்க முப்பது மீட்டர் போதும்,
ஓடுபாதையின் கடைசி வரைக்கும் போனோம்.
சத்தமே இல்லாத வண்டி. அதனால்
அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது:
ரேஷன் பருப்பு, காட்பாடி பஸ்,
யாருடைய மருமகளோ.
நவநீதம் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.
திரும்பும்போது பதினேழாவது செல்
தன் பலவீனத்தைக் காட்டியது, ஏற்றத்தில்.

கேனில் கொஞ்சம் மிச்சம்.
"குடிக்கலாமா?"
"வேணாங்க்கா. அதுல ஒண்ணுமே இல்ல."
"ஒண்ணுமே இல்லாத தண்ணியா!"
முகம் கழுவிக்கொண்டாள்.

ஹவர் மீட்டர்: வரும்போது 4.6, இப்போது 6.4.
முதல் பன்னிரண்டு நிமிடம்
லாரியிலிருந்து இறக்கியவனுடையது.
மீதியெல்லாம் நான்.

படிவத்தில்: செல் 17, மாற்ற வேண்டும்.
பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில்
'நின்றது' என்று எழுதினேன்.
இந்த முறை கையெழுத்தை
பெயின்ட் மார்க்கரில் போட்டேன்.