கூரை மெல்லிசு

ஊரடங்கு போட்டு மூன்றாம் நாள்
மல்லியப்பு சந்திப் பக்கமிருந்து ஏறி வந்தது.
ஆறு சக்கரம், பன்னிரண்டு தொன்.
ஹட்டன் கடைத்தெருவின் ஏற்றத்தில்
பூட்டிய நகைக்கடைக்கு முன்னால்
ஆவி கக்கி நின்றது.

"பாஸ், நீங்கதானே ரேடியேட்டர்?"
ஆமாம், நான்தான் ரேடியேட்டர்.
இருபத்திரண்டு வருசமாய்
கொழுந்து லொறிக்கும் நுவரெலியா பஸ்ஸுக்கும்
ஈயம் வைத்து ஓட்டை அடைக்கிறவன்.
கைகளை உயர்த்தி நடக்கச் சொன்னார்கள்.
ஒன்றில் ஆயுதப்பெட்டி.
ஆயுதம் என்றால் ஸ்பேனர், குறடு.
மற்றதை உயர்த்திக்கொண்டு போனேன்.

ஓட்டுனர் கோப்ரல் தென்னகோன்.
மீசை இன்னும் முடிவெடுக்காத வயசு.
ஏறிப் பாருங்க என்றான்.
உள்ளே டீசல், வியர்வை,
யாரோ பாதி தின்ற மாலு பாண்.
தபால்பெட்டி வாயளவு கண்ணாடி.
அதற்குள்:
வங்கியின் பெயரில் நாலு எழுத்து,
ஒரு கம்பம்,
மிச்சம் எல்லாம் பனி.

முன்சக்கரத்திலிருந்து ஆறு எட்டுக்கு
எதுவுமே தெரியவில்லை.
அந்த ஆறு எட்டுக்குள்தான்
மற்ற நாட்களில் செபமாலை
லீக்ஸ் கூறு போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"வெட்டையில இது ராசா, பாஸ்.
டவுனுக்குள்ள கண் இல்ல.
ரெண்டு பக்கமும் ஆள் நடக்கணும்."
இரும்பு ஆளைக் காக்கிறதா
ஆள் இரும்பைக் காக்கிறானா என்று
கேட்க வந்ததை விழுங்கிவிட்டு
ஹோஸ் பைப்பின் கிளிப்பைத் தேடினேன்.
வெடிப்பு அங்கேதான். விரல் நீளம்.

சூடு ஆறும்வரை போனைக் காட்டினான்.
எங்கோ ஒரு நகரம், எல்லா வீட்டுக்கும் பாதிச் சுவர்.
இதைவிடப் பெரியது ஒன்று தெருவுக்குள் நுழைகிறது.
காக்கையைவிடச் சின்னது ஒன்று
மேலே வந்து நிற்கிறது.
பிறகு அவன் திரையை அணைத்தான்.

"முன்னுக்கு இவ்வளவு மொத்தம்"
பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே காட்டினான்.
"பக்கத்துல இவ்வளவு."
"மேல?"
விரல்கள் ஒட்டிக்கொண்டன.
கூரை மெல்லிசு.
எங்கள் லயத்துத் தகரம் எனக்கு ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.

அப்போது மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.
யோகராணி, சாரிக்கு ஃபோல்ஸ் அடிக்கிறவள்,
கையில் வாளி.

குழல் சட்டென்று திரும்பியது.
உயர்ந்தது, உயர்ந்தது,
இரண்டாம் மாடிப் பல் டொக்டரின் பலகையில்,
முப்பத்திரண்டு பல்லும் தெரியும் அந்தச் சிரிப்பில்
முட்டி நின்றுவிட்டது.
அதற்கு மேல் அதற்குக் கழுத்து இல்லை.

தெருவில் நாங்கள் எட்டுப் பேர்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
கைகளை உயர்த்த மறந்துபோய்
நான் குறடைத்தான் உயர்த்தியிருந்தேன்.

"தண்ணி வேணுமா வேணாமா?"
மேலேயிருந்து அவள் கத்தினாள்.
"பைப்புல நாளைக்குத்தான் வரும்!"

கயிற்றில் இறங்கியது வாளி.
மூன்று தரம்.
துணி அலசிய தண்ணி, நீலம் கலந்தது.
ரேடியேட்டருக்கு அதெல்லாம் தெரியாது,
குடித்தது.

திரும்ப இடமில்லை.
பின்னாலேயே இறங்கவேண்டும்.
ஒரு சிப்பாய் இறங்கி நடந்தான்,
இரும்பின் விலாவில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு,
"ரைட், ரைட், ரைட்" என்று
கண்டி பஸ் கொண்டக்டரைப் போல.
வானொலிக் கம்பியில் சிக்கி
கோயில் அலங்கார பல்புகள் பத்தடி இழுபட்டன.
வளைவில் கான் மூடியின் சிலாப் ஒன்று
பிஸ்கட்டாய் நொறுங்கியது.

பில் எழுதினேன்.
ஹோஸ் ஒன்று, கிளிப் இரண்டு, கூலி.
வாகன வகை என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
பஸ் என்று போட்டேன்.
இன்னும் காசு வரவில்லை.

நகரசபை சிலாப்பும் போடவில்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேச்சை நிறுத்தாமலே
அந்த இடத்தில் தாண்டிப் போகிறார்கள்.
புதிதாய் வருகிறவன்தான் விழுகிறான்.