மூன்று நாற்பது

ராயபுரம், பிரசவ வார்டு.
மின்விசிறி ஒரு பக்கமாய் இழுத்துச் சுற்றுகிறது.
"பொறந்து ஒரு மணி நேரம் ஆவல,
அதுக்குள்ள ஊசியா சிஸ்டர்?"
மீன்வண்டி ஓட்டும் சவரிமுத்துவின் கை
பிள்ளையின் தொடைக்கும் எனக்கும் நடுவே.

ஒரு மில்லிகிராம். வைட்டமின் கே.
ரத்தம் உறைய வேணும்.
தாய்ப்பால் எல்லாம் தரும், இதை மட்டும்
கிள்ளித்தான் தரும் என்றேன்.

இருபத்து மூன்றாம் நாள்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றை
அவரிடம் சொல்லவில்லை.
வீட்டில் பிறந்தது.
உச்சிக்குழி புடைத்திருந்தது.
"நேத்து மூக்குல ஒரு சொட்டுதான் வந்துச்சு"
என்றாள் அதன் அம்மா,
என்றாள், திரும்பத் திரும்ப.

கை விலகியது.
வீறிட்டது. சிவந்தது. முலை தேடியது.
பஞ்சில் கடுகளவு சிவப்பு,
அவ்வளவுதான்.

பதிவேட்டில் நேரம் எழுதினேன்.
"கே-ன்னா என்னா சிஸ்டர்?" என்றவர்
பதிலுக்கு நிற்கவில்லை.
காசிமேட்டில் ஐஸ் ஏற்றணுமாம்.