நிலுவை

சாதிக் பாஷா வண்டியை ஒரு சுற்று வந்தார்.
தர்பூசணி வாங்குகிறவர் போல பானட்டைத் தட்டிப் பார்த்தார்.
"ஒண்ணு பத்து" என்றார்.
பெட்ரோல் மூடிக்குக் கீழே துருவைக் கண்டதும்
ஒண்ணு அஞ்சு ஆனது.

வெள்ளை என்கிறது ஆர்.சி. புத்தகம்.
மாங்கூழ் ஆலை வாசலில் ஏழு வருடம் நின்று
லாரிப் புழுதியும் பழச்சாறும் ஏறிப்போன நிறம் இது,
ஆர்.டி.ஓ. ஆபீசில் இதற்குப் பெயர் இருக்காது.

தம்பி ஓசூரிலிருந்து பேசினான்.
"வித்துடுக்கா. நிக்க நிக்க விலை இறங்கும்.
எஃப்.சி., பசுமை வரி, யாரு அலையறது?"
அவன் சொன்னது சரி.
அவன் எப்போதும் சரியாகத்தான் சொல்வான்.
எனக்கு ஓட்டத் தெரியும், போக இடம்தான் இல்லை.
ராயக்கோட்டை ரோட்டிலிருந்து ஆபீசுக்கு
டவுன் பஸ் போகிறது.
பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ்.
படிவம் முப்பத்தொன்று.
ஆட்சேபணை இல்லை என்று அப்பாவின் கையெழுத்து.
படிக்காமலே போட்டார்.
"நான் என்னைக்கு அதுல முன்னாடி உக்காந்தேன்" என்றார்.
பின் சீட்டு, இடது ஓரம்,
மேலே கைப்பிடியில் ஒரு கை.
காவேரிப்பட்டணம் போய்த் திரும்பும்வரை
"மெதுவா, நாகவேணி."
மெதுவாகத்தான் போவாள். நாற்பது.
தேங்காய் மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். எங்களை முந்தும்.

பாஷாவின் பையன் போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தான்.
"மூணு சலான் நிலுவையில இருக்குக்கா.
கட்டுனாத்தான் பேரு மாறும்."

ஒன்று, ரவுண்டானாவில் சீட் பெல்ட் இல்லை.
ஒன்று, பழையபேட்டையில் நோ பார்க்கிங்.
அங்கே வெற்றிலை வாங்கியிருப்பாள். சிரித்தேன்.

மூன்றாவது,
தொப்பூர் கணவாய். அதிவேகம்.
மணிக்கு நூற்றிரண்டு.
ஜூன் பதினெட்டு, விடியற்காலை ஐந்து நாற்பத்திரண்டு.

படமும் இருந்தது, பின்பக்கம் மட்டும்.
எண் தெளிவு.
வலது விளக்கின் விரிசலில்
நான் ஒட்டிக்கொடுத்த டேப்கூடத் தெரிகிறது.
கண்ணாடிக்குள் இருட்டு.
ஒரு தலையா, இரண்டா?
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது.
ஏற்றமா இறக்கமா, அதுவும் போட்டிருக்கவில்லை.

ஜூன் என்றால் ஆலையில் பழம் குவியும்.
எடை மேடையில் நைட் ஷிப்ட் என்றுதான்
அந்த மாதம் முழுக்கச் சொல்லிப் போனாள்.
எட்டரைக்கு வந்திருப்பாள்.
செருப்பைக் கழற்றி, கால் அலம்பி,
சட்னிக்குத் தேங்காய் எடுத்திருப்பாள்.
இருப்பாள், இருப்பாள்.
அந்தக் காலை எனக்கு நினைவிலேயே இல்லை.
அதை ஞாபகம் வைக்க எனக்கொரு காரணம் இல்லாதபடி
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எண்ணூறு சி.சி. வண்டி.
எனக்கு நம்பிக்கை வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, குருபரப்பள்ளி தாண்டி,
காலி ரோட்டில் அழுத்திப் பார்த்தேன்.
எண்பதில் டேஷ்போர்டு பேச ஆரம்பித்தது.
தொண்ணூறில் ஸ்டியரிங் நடுங்கியது.
தொண்ணூற்றாறில்
நான் சொல்லாமலே என் கால் மேலே வந்துவிட்டது.
இன்னும் ஆறு.
அதுவும் வளைவில்.
அதுவும் தொப்பூரில்.

முதல் இரண்டையும் அன்றே கட்டினேன்.
மூன்றாவதற்கு ஆயிரம் ரூபாய்.
"இப்போது செலுத்துக" என்று பச்சையாக ஒரு பொத்தான்.
பணம் இருக்கிறது.

பாஷாவிடம் சர்வர் வேலை செய்யவில்லை என்றேன்.
"ஆடி வந்துட்டா ஒண்ணுக்குக்கூட கேக்க மாட்டாங்க" என்றார்.
தம்பியிடம் நாளைக்கு என்றேன்.
அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.
பின் கதவுக்குப் போனவர் கொஞ்சம் நின்று,
சுற்றிவந்து, முன்னால் ஏறினார்.
அணை ரோடு திரும்புவதற்குள்
"மெதுவா" என்றார்.

நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.